சனிக்கிழமைக்கு ஒரு வரி

இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ள நோயாளிக்குக் கற்றுத்தர வேண்டும். அதை ஒரு நர்சிங் மாணவி சரியாகச் செய்கிறாளா என்று பார்க்க ஒரு மதிப்பெண் தாள் உண்டு. கைகழுவுவதில் தொடங்கி, பயன்படுத்திய ஊசியை எங்கே போடுவது என்பதுவரை வரிவரியாக இருக்கும். தென்மாநிலங்களின் திருச்சபை ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த நர்சிங் பள்ளிகள் பொதுவாக ஒரு தேர்வு நடத்துகின்றன. அதற்காக அந்தத் தாளைத் திருத்தி எழுதியது நான். பழைய தாளில் இருந்த குழப்பத்தையெல்லாம் நீக்கி, எந்தத் தேர்வாளர் பார்த்தாலும் ஒரே மதிப்பெண் வரும்படி செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதனால் ஆந்திராவில் உள்ள சித்தூருக்கு வெளித்தேர்வாளராகப் போகச் சொன்னபோது உடனே சரி என்றேன். என் தாள், நான் கற்பிக்கும் நாகர்கோவிலுக்கு வெளியே எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். அது முடிந்ததும் திருப்பதியில் மருத்துவத் துறை ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு இருந்தது. அங்கே ஒவ்வொருவரும் தன் கற்பித்தல் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதி வாசிக்க வேண்டும். ரயிலில் வரும்போதே போனில் எண்ணிட்டுக் குறித்துக்கொண்டேன். ஒன்று, மாணவியே மையம். இரண்டு, சான்று இல்லாமல் எதையும் கற்பிக்கக் கூடாது. மூன்று, மதிப்பீட்டில் விருப்புவெறுப்பு கூடாது. நான்காவதற்குக் காட்பாடி வரை எதுவும் தோன்றவில்லை.

காட்பாடியில் பஸ் ஏறி எல்லையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. பஸ்ஸுக்குள் பேச்சு மாறவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எமார்வோ ஆபீசுல சந்தகம் ஆயிடுச்சி நைனா. வந்துக்கினே இருக்கறேன். நீ துன்னுட்டு படு." எமார்வோ என்றால் தாசில்தார், சந்தகம் என்றால் கையெழுத்து என்று பக்கத்திலிருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் பக்கம் மலையாளம் இப்படித்தான் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வார்த்தை புரியாவிட்டாலும் அது புழங்கும் விதம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

பள்ளி விடுதியில் இரவுச் சாப்பாடு ராகிக் களியும் வேர்க்கடலைத் துவையலும். தேங்காய் இல்லாத சாப்பாடு எனக்குப் புதிது. களியை நான் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்த சமையல்காரம்மா அடுப்பைவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"ஐய, மெல்லறாங்க பாரு! களிய மெல்லக் கூடாது கண்ணு, உருட்டி முழுங்கணும். ஒங்க ஊர்ல பல்லுக்கு வேற வேலயே இல்லியா?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முழுங்கினேன். மூன்றாவது உருண்டையில் பிடிபட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தேர்வு பெண்கள், ஆண்கள் இரண்டு வார்டுகளிலும் நடந்தது. பள்ளியின் சார்பில் உள்தேர்வாளராக இருந்தவர் சுஜாதா மேடம். தெலுங்குக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். அவசரத்தில் தெலுங்கிலேயே பேசிவிடுவார். எங்கள் பள்ளியிலும் தெலுங்கு மாணவிகள் உண்டு என்பதால் அது எனக்கு ஓரளவு புரியும். காலையிலேயே ஒன்று சொன்னார்: "என் பிள்ளைகளுக்காக நான் பரிந்து பேசமாட்டேன். நீங்களும் பாவம் பார்த்து எதுவும் போடாதீர்கள்."

எங்களுக்கு நல்ல பொருத்தம் என்று நினைத்தேன்.

மதியத்துக்கு முன் ஹெப்சிபாவின் முறை வந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குடிபாலாவைச் சேர்ந்த பெண். பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தேர்ச்சி பெற்றால் அடுத்த மாதம் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதி என்று சுஜாதா மேடம் முன்னரே சொல்லியிருந்தார். தேர்ச்சி பெறாவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுதேர்வு. அந்த ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட நோயாளி முனிரத்தினம். குடிபாலாவுக்கு அடுத்த கிராமத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். காலில் ஆறாத புண்ணோடு வந்து, சர்க்கரை மிக அதிகம் என்று தெரிந்து, வார்டில் இன்சுலின் தொடங்கியிருந்தார்கள். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் ஊசி. அன்று மாலை வீட்டுக்குப் போகிறார். அவருக்கும் அவர் மனைவி ராஜம்மாவுக்கும் ஊசி போடக் கற்றுத்தர வேண்டும். அரை மணி நேரம்.

அவருடைய கேஸ் தாள்களை நான் காலையிலேயே படித்திருந்தேன். ஒருநாள் காலை மட்டும் சர்க்கரை திடீரென்று மிகத் தாழ்ந்து, வியர்த்து மயங்கியிருக்கிறார். குளுக்கோஸ் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் முதல் மருந்தின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் பார்த்தேன். சிகிச்சை சரிதான் என்று அடுத்த பக்கம் திருப்பினேன்.

ஹெப்சிபா கைகழுவினாள். வணக்கம் சொன்னாள். தட்டைப் படுக்கையருகே வைத்தாள். நான் வரிவரியாக டிக் செய்துகொண்டு வந்தேன். இன்சுலின் எதற்கு என்று விளக்கினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றார். வேளை தவறாமல் போட வேண்டும் என்ற வரி வந்தபோது நிறுத்திவிட்டாள்.

"மாமா, போன சனிக்கெழம காலைல மயக்கம் வந்துச்சே, அன்னிக்கி இன்னா துன்னிங்க?"

"இட்லி குடுத்தாங்கோ."

"குடுத்தாங்க. துன்னிங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ராஜம்மா பதில் சொன்னார்: "இவுரு எங்க துன்னாரு? நான்தான் துன்னேன். சனிக்கெழம ஒருபொழுதாச்சே."

"ஏய், சும்மா இரு."

"இன்னா சும்மா இருக்கறது? பொண்ணு கேக்குதில்ல?"

ஒருபொழுது என்றால் சனிக்கிழமை பெருமாளுக்காக நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, சாயங்காலம் விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகு ஒருவேளை மட்டும் சாப்பிடுவது. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்களாம். முனிரத்தினம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறார். ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு இட்லியை மனைவியிடம் தள்ளியிருக்கிறார். மயக்கம் வந்ததும் அளவைக் குறைத்தார்களே தவிர, அன்று சனிக்கிழமை என்பது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை.

"டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரு பாப்பா. ஊசிய வுடக் கூடாதுங்கறாரு. நான் சாமிய எப்படி வுடறது?"

"சாமிய வுட வேணாம் மாமா. ஆனா வெறும் வயித்துல ஊசி போட்டுக்கினு படுத்தா, அப்பறம் ஏழுமலையானே எறங்கி வந்துதான் ஒங்கள எழுப்பணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சர்ச்சுப் பொண்ணு. ஒனக்கு இன்னா தெரியும் ஒருபொழுது?"

"எங்க எதிர்வூட்ல சனிக்கெழம காலைல அடுப்பே எரியாது. எனக்குத் தெரியாதா?"

அதன்பிறகு பேச்சு நீண்டது. பழமாவது சாப்பிடலாமே என்றாள். முடியாது என்றார். பால்? அதுவும் முடியாது. புரட்டாசியில் மட்டும் இருந்துகொள்ளுங்களேன் என்றாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கடைசியில் அவள் என்னைப் பார்த்து, "மேடம், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனாள். டியூட்டி டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் திட்டவில்லை. கொஞ்சம் யோசித்தார். சனிக்கிழமை காலையில் ஊசி வேண்டாம், இடையில் தலைசுற்றினால் விரதத்தை நிறுத்திவிட வேண்டும், சாயங்காலம் சாப்பாட்டோடு இவ்வளவு என்று தனியாக எழுதிக்கொடுத்தார். ஹெப்சிபா அதை ராஜம்மாவிடம் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் சரியாகச் சொன்னார்.

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

என் தாளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. குப்பியும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா என்று சோதிக்கவில்லை. நோயாளியின் கையில் சிரிஞ்சைக் கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை. இந்த இரண்டும் நட்சத்திரம் போட்ட வரிகள். எது விட்டுப்போனாலும், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், தோல்வி. அந்த நட்சத்திரங்களைப் போட்டதும் நான்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் தேர்வாளர் அறையில் நானும் சுஜாதா மேடமும் மட்டும் இருந்தோம். நான் பாஸ் போட வேண்டும் என்றேன். நான் விதியைத் தளர்த்திப் பேசியது எனக்கே புதிதாக இருந்தது. "அவள் கேட்டிருக்காவிட்டால் அவர் நாளைக்கே வீட்டில் மயங்கியிருப்பார்" என்றேன்.

அவர் தயிர்ச்சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "எனக்கும் ஆசைதான். மூன்று வருஷமாக நான் பார்த்த பிள்ளை. ஆனால் அந்த மனிதர் ஒருமுறைகூட சிரிஞ்சைத் தொடவில்லையே. இன்றைக்கு ராத்திரி யார் போடுவார்கள்?"

"நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்தேன். பார்த்துவிட்டால் என் மனம் சமாதானமாகும், பாஸ் போட ஒரு காரணம் கிடைக்கும் என்றுதான் போனேன்.

முனிரத்தினம் கிளம்பத் தயாராக இருந்தார். வீட்டில் போட வாங்கிய பொருள்களைக் காட்டச் சொன்னேன். ராஜம்மா கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். வார்டில் கொடுத்த மருந்துக் குப்பி. வெளியே மெடிக்கல் கடையில் வாங்கிய சிரிஞ்சுகள். எல்லாம் சிவப்பு மூடி.

இன்சுலின் இரண்டு செறிவுகளில் வருகிறது. ஒரு மில்லியில் நாற்பது அலகு உள்ளதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. நூறு அலகு உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. கடைகளில் அதிகம் போவது சிவப்பு. இவருக்குக் கொடுத்திருந்த குப்பி நூறு. வேளைக்கு இருபது அலகு போட வேண்டும்.

"இருபது எடுத்துக் காட்டுங்க" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, இருபது என்ற கோட்டில் துல்லியமாக நிறுத்தினார். "சரியா மேடம்?" என்று கேட்டார். கோடு சரி. ஆனால் அந்தச் சிரிஞ்சில் அந்தக் குப்பியிலிருந்து அவர் எடுத்தது ஐம்பது அலகு.

அந்தச் சிரிஞ்சை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிறகு நானே மருந்தகத்துக்குப் போய் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகள் வாங்கி வந்தேன். சிவப்பை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இருவரையும் மாற்றி மாற்றி எடுக்கச் சொன்னேன். "பாப்பா சொன்ன மாதிரி சனிக்கெழம காலைல கெடையாது, சாயங்காலம்தான்" என்று கிளம்பும்போது ராஜம்மா என்னிடமே ஒப்பித்துக் காட்டினார்.

அறைக்குத் திரும்பி, சிவப்பு மூடி சிரிஞ்சு ஒன்றைச் சுஜாதா மேடம் முன்னால் மேசையில் வைத்தேன். அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹெப்சிபாவின் தாளில் 'தேர்ச்சியில்லை' என்று எழுதி நான் கையெழுத்திட்டேன். அவரும் இட்டார்.

சனிக்கிழமை காலை திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். பாகாலா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். நல்ல வெயில். எதிரே ஒரு கரும்புச்சாறு வண்டி. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் வாங்கி நீட்டினேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு மறுத்தார். தெலுங்கில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழமை அம்மா. விளக்கு வைக்காமல் எதுவும் கிடையாது." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். கண்டக்டர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "இதுவும் இன்னிக்கி ஒருபொழுது. காத்துகூட துன்னமாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். விரதம் இருந்த பெண்தான் அதிகம் சிரித்தார். நான் அந்த இரண்டாவது டம்ளரையும் நானே குடித்துவிட்டு, இத்தனை பேர் சாதாரணமாகச் செய்யும் ஒன்று ஏன் ஒரு கேள்வியாகக்கூட என் தாளில் இல்லை என்று யோசித்தேன். நாகர்கோவிலில் நோன்பு இருக்கும் முஸ்லிம் நோயாளிகள் உண்டு. தவக்காலத்தில் காலை உணவை விடுகிற மீனவப் பெண்கள் உண்டு. அவர்களிடமும் நான் வேளை தவறக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர்களும் சரிம்மா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தாளில் எல்லா வரியும் நாங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. அவர்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியதற்கு ஒரு வரிகூட இல்லை.

திருப்பதி பிற்பகலில் வந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் தெருவெல்லாம். கைக்குழந்தை, அப்பா, அம்மா மூவரும் ஒரே மாதிரி தலையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள். மலைக்குப் போகாமல் திருப்பதியில் தங்குகிறவரைப் பார்த்தால் இங்கே ஆச்சரியப்படுகிறார்கள். விடுதிக்காரர் மூன்று முறை கேட்டார், "மேலே எப்போது?" என்று. வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். "எல்லாரும் வேலையாகத்தான் வருகிறார்கள்" என்றார்.

இரவு பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுஜாதா மேடத்திடமிருந்து போன். தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்களைக் காலையில் பள்ளிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பட்டியலைப் பார்க்க ஹெப்சிபா வரவில்லை. வேறு எங்கோ போயிருக்கிறாள்.

"முனிரத்தினம் வீட்டுக்கு" என்றார் அவர். "நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம், சிரிஞ்சைப் பார்க்கவில்லையே என்று. காலையில் முதல் வேலையாக அங்கே போய்விட்டாள். போய்ப் பார்த்தால் ஆரஞ்சு மூடி. நாகர்கோவில் மேடம் வந்து மாற்றிக் கொடுத்தார்கள் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அப்போதே பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, பட்டியலில் பேர் இருக்காது என்று."

"அவர் எப்படி இருக்கிறார்?"

"நன்றாக இருக்கிறார். ஊசி போடவில்லை. சாப்பிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தாராம். சாயங்காலம் விளக்கு வைத்துச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டார். இவள் அதுவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்." பிறகு சொன்னார்: "திரும்பும்போது உங்கள் பஸ் குடிபாலா வழியாகத்தான் போகும். அவளுக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன்."

பொங்கல் ஆறிப்போயிருந்தது. இலையை மடித்துவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பயிலரங்கில் எல்லாரும் நன்றாக எழுதி வந்திருந்தார்கள். என் போனில் இருந்த மூன்று குறிப்புகளும் அவர்களுடைய பக்கங்களில் வேறு வேறு சொற்களில் இருந்தன. என் முறை வந்தபோது அவற்றை வாசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். என் தாள் பிடித்திருக்கக்கூடிய தவறையும், என் தாளுக்குத் தெரியவே வழியில்லாத ஆபத்தையும் சொன்னேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. முன்னதைப் பார்க்க மாணவிக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன். பின்னதை அவள் எதிர்வீட்டைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு வந்தாள். எதிர்வீடு அப்படி அமையாத மாணவிக்கு அதை யார் கற்றுக்கொடுப்பது? அது என் வேலை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் கொள்கை என்று எதுவும் இல்லை. இவ்வளவுதான் சொன்னேன்.

நெல்லூரிலிருந்து வந்த பிசியோதெரபி ஆசிரியர் ஒருவர் உடனே கேட்டார், "அந்தப் பெண் பாஸா?"

"இல்லை."

அறை இரண்டாகப் பிரிந்தது. கொடுமை என்றார் ஒருவர். வேறென்ன செய்ய முடியும் என்றார் இன்னொருவர். பயிலரங்கை நடத்தியவர், இதை அளக்கும்படியான இலக்காக மாற்றி எழுதித் தர முடியுமா என்று பரிவாகக் கேட்டார். முயற்சி செய்கிறேன் என்றேன். மதியச் சாப்பாட்டில் நெல்லூர்க்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் என்றால் பாஸ் போட்டிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டுவிட்டுத் தூங்கியிருக்கமாட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை குடிபாலாவில் இறங்கினேன். ஹெப்சிபா பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். சீருடையில்லாமல் பார்க்க இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். எதிரே டீக்கடையில் இரண்டு டீ சொன்னாள். வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

"எங்கம்மா இன்னும் அழுதுக்கினு இருக்குது மேடம். அதான் வூட்டுக்குக் கூப்புடல. திருப்பதி வேல போச்சி. வேற ஆளப் பாத்துக்கினாங்க."

டீ வந்ததும் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்கக் கூடாது."

"கேளும்மா."

"சிரிஞ்சு பாக்கல. அது என் தப்பு. அதுக்கு நான் ஃபெயிலு. ஒத்துக்கறேன். அவுரு ஒருபொழுது இருக்காருன்னு ஒங்க ஷீட்டு கேக்கவே இல்ல. அதுக்கு யாரு மேடம் ஃபெயிலு?"

டீக்கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்த ஷீட்ட எழுதினது நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவா? நல்லா எழுதிக்கிறிங்க மேடம். கைகழுவறதுக்கு மட்டும் ரெண்டு வரி."

அது சரிதான். இரண்டு வரி இருந்தது. முதலில் ஒன்று, ஊசி போட்ட பிறகு ஒன்று.

"தேர்வுக் குழுவுக்கு எழுதப்போறேன்" என்றேன். "சாப்பாடு, விரதம், வேலை நேரம், இதையெல்லாம் நோயாளிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லித்தரத் தொடங்கணும்னு ஒரு வரி. நேரத்தையும் கூட்டணும்."

"நான் திரும்ப எழுதறப்போ அந்த வரி இருக்குமா?"

"தெரியாது. நான் ஒருத்தி முடிவு பண்ண முடியாது. கூட்டத்துல ஒத்துக்கணும்."

"இருந்தா, அதுக்கு எத்தினி மார்க்கு?"

"மார்க் இல்ல. நட்சத்திரம். அத விட்டா, மத்ததெல்லாம் சரியா செஞ்சாலும் ஃபெயில். சிரிஞ்சு மாதிரியே."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "அப்பிடின்னா நெறைய பேரு ஃபெயிலாவாங்க மேடம்."

"ஆவாங்க."

"நீங்களே ஆயிருப்பிங்க. காலைல கேஸ் ஷீட்ட நீங்களுந்தான படிச்சிங்க."

"ஆமா" என்றேன். "ஆயிருப்பேன்."

அவள் தலையாட்டினாள். அந்தப் பதில் போதும் என்பதுபோல இருந்தது, அல்லது அதற்கு மேல் என்னிடமிருந்து எதுவும் கிடைக்காது என்று முடிவுசெய்ததுபோல. எனக்குத் தெரியவில்லை. சாலையில் வேலூர் பஸ் தெரிந்ததும் அவளே குறுக்கே போய்க் கையைக் காட்டி நிறுத்தினாள். கண்டக்டரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் தன் பின்னாலிருந்த பையை எடுத்து எனக்கு இடம் கொடுத்தார்.

நான் உட்கார்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"சீக்கிரம் எழுதி அனுப்புங்க மேடம்" என்றாள். "எனக்கு ஆறு மாசந்தான் இருக்குது."